பார்க்க ஆளில்லாத மாட்யூலை எடுத்துவிடலாமா? திறந்த மூலத் திட்டங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஐந்தாறு வருடம் ஓடிய எந்தத் திறந்த மூலத் திட்டத்திலும் ரெப்போவின் (கோட் களஞ்சியத்தின்) ஏதோ ஒரு மூலையில் இப்படி ஒரு மாட்யூல் (தனி வேலைக்கான கோட் பகுதி) கிடக்கும். எழுதியவர் எப்போதோ போய்விட்டார். இஷ்யூக்களுக்கு (பயனர்கள் பதியும் குறைகளுக்கு) பதில் இல்லை. ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் அதன் டெஸ்ட் உடையும், சம்பந்தமே இல்லாத ஒருவர் அதை ஒப்பேற்றிவிட்டுப் போவார். 'இதைத் தூக்கிவிடலாமே' என்பார் ஒருவர். 'யாராவது பயன்படுத்திக்கொண்டிருப்பார்களே' என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். அதனாலேயே பேச்சு அங்கே நின்றுவிடும், மாட்யூலும் அடுத்த வெளியீட்டுக்குள் போய்விடும்.

கோட் எவ்வளவு பழசு, எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற இரண்டு கேள்விகளையும் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டியது வேறொன்று: நாளைக் காலையில் இதில் பாதுகாப்பு ஓட்டை இருப்பதாக ஒரு அறிக்கை வந்தால், அதைப் பார்ப்பவர் என்று யார் பெயரை எழுதுவீர்கள்? எழுத ஒரு பெயர் இருந்தால் எவ்வளவு பழசானாலும் அந்த மாட்யூலை வைத்துக்கொள்ளலாம். பெயர் இல்லையென்றால் அது ஏற்கெனவே கைவிடப்பட்டுவிட்டது, நீங்கள் அதைப் பயனர்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். கீழே வரும் படிகள் எல்லாம் இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் கண்டுபிடிப்பதற்கும், கண்டுபிடித்த பிறகு யாரையும் நடுத்தெருவில் விடாமல் இருப்பதற்கும்தான்.

படி 1: செத்துவிட்டதா, வேலை முடிந்துவிட்டதா?

கடைசி கமிட் (ரெப்போவில் பதிந்த மாற்றம்) நான்கு வருடத்துக்கு முந்தியது என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பைத்தானின் நிலையான நூலகத்தில் கலர்சிஸ் என்றொரு சின்ன மாட்யூல் இருக்கிறது. ஆர்ஜிபி நிறத்தை எச்எஸ்வி, எச்எல்எஸ் போன்ற அமைப்புகளுக்கு மாற்றித் தரும், வேறு வேலை கிடையாது. அந்தக் கணக்கு இனி மாறப்போவதில்லை. பைத்தானிலிருந்து 'செத்த பேட்டரிகளை' (பயனற்றுப்போன பழைய மாட்யூல்களை) அகற்றுவதற்காக கிறிஸ்டியன் ஹைம்ஸும் பிரெட் கேனனும் எழுதிய பெப் 594 முன்மொழிவு 2019இல் வந்தபோது, கலர்சிஸும் நீக்கலாமா என்ற பேச்சில் இருந்தது. எளிமையானது, முதிர்ந்தது, பராமரிப்புச் சுமை எதுவும் தராதது என்று சிலர் எடுத்துச் சொன்னதும் அதை விட்டுவிட்டார்கள். இன்றும் இருக்கிறது.

அதே பட்டியலில் இருந்த என்என்டிபிலிப் கதை நேர்மாறானது. யூஸ்நெட் செய்திக் குழுக்களோடு பேசும் மாட்யூல் அது. பைத்தானில் கிளையன்ட் பக்கம் மட்டும்தான் இருந்தது, சர்வர் பக்கம் கிடையாது. ஆகவே அதன் டெஸ்ட்கள் வெளியே உள்ள செய்தி சர்வர்களைத் தொடர்புகொள்ள வேண்டியிருந்தது. அந்த சர்வர் சில நேரம் கிடைக்காது, சில நேரம் இழுக்கும், சில நேரம் ஐபிவி6இல் ஒழுங்காக வேலை செய்யாது. உடனே பைத்தானின் தானியங்கிச் சோதனை மொத்தமும் சிவப்பாகிவிடும். யூஸ்நெட்டைத் தொட்டே பார்த்திராதவர்கள் உட்கார்ந்து அதன் காரணத்தைத் தேட வேண்டும். கமிட் வரலாற்றை மட்டும் எடுத்துப் பார்த்தால் என்என்டிபிலிப் 'சுறுசுறுப்பாக' இருந்தது போலவும் கலர்சிஸ் தூங்குவது போலவும் தெரியும்.

ஆக, கமிட்களை எண்ணாமல் பிரித்துப் பாருங்கள். அந்த மாட்யூலின் அடைவுக்கு மட்டும் கிட் லாக் (மாற்றங்களின் வரலாறு) எடுத்து, கடைசி மூன்று நான்கு வருடக் கமிட்களை மூன்று குவியலாக்குங்கள்.

- ரெப்போ முழுவதற்கும் ஒரே வீச்சில் செய்தவை: காப்புரிமை வருடம், ஃபார்மேட்டர் ஓட்டியது, பொதுவான ஃபங்ஷன் பெயர் மாற்றம்.
- பில்டோ டெஸ்டோ உடைந்ததை ஒட்டவைத்தவை.
- அந்த மாட்யூலைப் பயன்படுத்தும் ஒருவரின் குறையைத் தீர்த்தவை.

மூன்றாவது குவியல் காலி, இரண்டாவது வளர்ந்துகொண்டே போகிறது என்றால் அது செத்துவிட்டது, மற்றவர்கள் தோளில் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள். மூன்றுமே கிட்டத்தட்ட காலி, திறந்த இஷ்யூக்களும் இல்லை என்றால் வேலை முடிந்த மாட்யூலாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் யாருமே பயன்படுத்தாத மாட்யூலுக்கும் இஷ்யூ வராது. இதைப் பிரித்தறிய ஒரு எளிய வழி உண்டு. புதிய கணினியில் அல்லது காலியான கன்டெய்னரில், அந்த மாட்யூலின் சொந்த ஆவணத்தில் எழுதியிருப்பதை வரி வரியாகச் செய்து பாருங்கள். இரண்டாவது வரியிலேயே உடைகிறது, அதைப் பற்றி ஒருவரும் புகார் சொல்லவில்லை என்றால், இந்தப் படியில் வேறு ஆதாரம் தேடத் தேவையில்லை.

படி 2: ஆள் தேடுங்கள், ஆனால் கிடைத்த முதல் ஆளிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் மெயின்டெய்னர்ஸ் (பராமரிப்பாளர்கள்) என்றொரு கோப்பு இருக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் யார் பொறுப்பு, நிலை என்ன என்பதை அது சொல்லும். சம்பளத்துக்குப் பார்க்கப்படுவது, பராமரிக்கப்படுவது, அவ்வப்போது திருத்தப்படுவது, அநாதை, வழக்கொழிந்தது என்று நிலைகள் உண்டு. இந்தப் பழக்கத்தை எந்தச் சிறிய திட்டமும் கடன் வாங்கலாம். அநாதை என்று எழுதிவைப்பதே பாதி வேலை. 2019இல் ஃப்ளாப்பி டிரைவரைப் பார்த்துவந்தவரிடம் வேலை செய்யும் ஃப்ளாப்பி வன்பொருளே இல்லாமல் போனது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதை அநாதை என்று குறித்தார். உடனே நீக்கவில்லை, ஏனென்றால் மெய்நிகர் கணினிகள் இன்னும் ஃப்ளாப்பியைப் பாவனை செய்துகொண்டிருந்தன. அநாதை என்று பகிரங்கமாகத் தெரிந்த பிறகு வேறொருவர் வந்து அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

நீங்களும் அந்த வரிசையிலேயே போங்கள். முதலில் பழைய மெயின்டெய்னருக்குத் தனியாக ஒரு மின்னஞ்சல். 'நீங்கள் இதைத் தொடர்வீர்களா, அல்லது வேறு யாரிடமாவது ஒப்படைக்கலாமா?' என்று மட்டும் கேளுங்கள். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். பல வருடம் சம்பளமில்லாமல் உழைத்த மனிதர், உடம்பு சரியில்லாமல் இருக்கலாம், குழந்தை பிறந்திருக்கலாம், வேலை மாறியிருக்கலாம். பதில் வரவில்லையென்றால் பொது இடத்தில், கெடு தேதியோடு அறிவியுங்கள். தேதி போடாத 'மெயின்டெய்னர் தேவை' அறிவிப்பு வருடக்கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கும்.

யாராவது முன்வந்தால் சந்தோஷம்தான், ஆனால் இங்கேதான் நிதானம் வேண்டும். 2018இல் ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளின் களஞ்சியமான என்பிஎம்மில் இவென்ட்-ஸ்ட்ரீம் என்ற பரவலான தொகுப்பின் ஆசிரியர், ஆர்வம் காட்டிய ஒரு அறிமுகமில்லாதவரிடம் வெளியிடும் உரிமையைக் கொடுத்தார். வந்தவர் பிட்காயின் பணப்பையைக் குறிவைக்கும் கோடை ஒரு துணைத் தொகுப்பு வழியாக உள்ளே நுழைத்தார். 2024 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவியின் பின்கதவு விவகாரம் அதைவிடப் பொறுமையாகத் திட்டமிடப்பட்டது. தனியாளாக அல்லாடிய மெயின்டெய்னருக்கு, புனைபெயரில் வந்த ஒருவர் வருடக்கணக்கில் உதவி செய்து, நம்பிக்கை சம்பாதித்து, வெளியீட்டு உரிமை பெற்று, அப்புறம்தான் கைவரிசையைக் காட்டினார்.

என் வழக்கம் இது: முன்வருபவரிடம் உரிமை எதையும் தராமல், நிலுவையில் உள்ள இரண்டு கடினமான பிழைகளைக் கொடுப்பேன். புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கும் கோரிக்கை) வரட்டும், மற்றவர்கள் பரிசீலிக்கட்டும். வெளியிடும் உரிமை கடைசியாகத்தான், அதுவும் இன்னொருவர் ஒப்புதலோடுதான். 'யாரோ ஒருவர் கையில் இருந்தால் போதும்' என்று அவசரமாகக் கைமாற்றுவதைவிட, முறையாக மூடிவிடுவது பயனர்களுக்குப் பாதுகாப்பானது.

படி 3: யார் பயன்படுத்துகிறார்கள்?

பதிவிறக்க எண்ணிக்கையை நம்பி ஏமாறாதீர்கள். பைத்தான் தொகுப்புகளின் களஞ்சியமான பைப்பிஐயிலும் என்பிஎம்மிலும் காட்டும் எண்ணில் பெரும்பகுதி சிஐ (தானியங்கிச் சோதனை) இயந்திரங்கள் ஒவ்வொரு ஓட்டத்திலும் புதிதாக இறக்கிக்கொள்வது. லினக்ஸ் விநியோகமான டெபியனின் பாப்கான் கணக்கு, விருப்பப்பட்டுச் சேர்ந்தவர்களை மட்டும் எண்ணும். உங்கள் தொகுப்புக்குள் இருக்கும் ஒரு மாட்யூலை எத்தனை பேர் தொடுகிறார்கள் என்பது இரண்டிலுமே தெரியாது.

கோட் தேடல்தான் உருப்படியான வழி. பொது ரெப்போக்களில் அந்த மாட்யூலை இறக்குமதி செய்யும் வரியைத் தேடுங்கள். கிடைப்பதில் ஃபோர்க்குகள் (கிளைப் பிரதிகள்), உங்கள் கோடையே நகலெடுத்து வைத்தவை, கைவிடப்பட்ட கல்லூரிப் புராஜெக்ட்கள் எல்லாவற்றையும் கழித்துவிடுங்கள். மீதி இருப்பதில் உயிரோடு உள்ள நூலகங்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒரு நூலகத்துக்குப் பின்னால் ஆயிரம் பயனர்கள் இருக்கலாம். பெப் 594இன் பட்டியலில் இருந்த ஆடியோஆப் என்ற ஒலி மாட்யூலை நேரடியாக இறக்குமதி செய்தவர்கள் குறைவு. ஆனால் டிஸ்கார்ட் பாட் எழுத உதவும் டிஸ்கார்ட்.பை நூலகம் குரல் வசதிக்கு அதை நம்பியிருந்தது. பைத்தான் 3.13 வந்ததும் அந்த நூலகம் ஆடியோஆப்-எல்டிஎஸ் என்ற வெளித்தொகுப்பைச் சேர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

எண்ணிக்கையைவிட முக்கியமான இன்னொரு பிரிவினை உண்டு. மாட்யூல் ஒரு வேலையைச் செய்கிறதா, அல்லது ஏற்கெனவே எங்கோ சேர்ந்திருக்கும் தரவைப் படித்துத் தருகிறதா? முதல் வகையை எடுத்தால் பயனர் வேறு வழியில் அந்த வேலையைச் செய்துகொள்வார். இரண்டாவது வகையை எடுத்தால், பழைய கோப்பு கைவசம் இருந்தும் திறக்க முடியாமல் போகும்.

தமிழ் வாசகர்களுக்கு இதில் ஒரு நேரடிச் சம்பந்தம் இருக்கிறது. லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சியில், எழுத்துக் குறியாக்கங்களை மாற்றித் தரும் ஐகான்வ் மாற்றியில் டிஸ்கிக்கு ஆதரவு உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன்பு இணையத்தில் தமிழ் எழுதப் பயன்பட்ட குறியாக்கங்களில் டிஸ்கி ஒன்று. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் யூனிகோடுக்கு மாறும் முன் சில வருடம் அதில் வெளிவந்தன. இன்று புதிதாக யாரும் டிஸ்கியில் எழுதுவதில்லை. பயன்பாட்டுக் கணக்கு எடுத்தால் பூஜ்ஜியத்தை ஒட்டித்தான் வரும். ஆனால் ஒருவர் பழைய வன்தட்டில் கிடக்கும் மடலாடற்குழு மடல்களையோ சொந்தக் கட்டுரைகளையோ மீட்க நினைத்தால், அவருக்கு வேண்டியது அந்த ஒற்றை மாற்றிதான். வருடத்தில் ஒரே ஒருவர் கேட்டாலும் அவருக்கு அதற்கு மாற்றுக் கிடையாது.

அதே ஐகான்வில் மறுபக்கமும் இருக்கிறது. 2024 ஏப்ரலில் வெளியான சிவிஇ-2024-2961 என்ற ஓட்டை, ஐஎஸ்ஓ-2022-சிஎன்-எக்ஸ்ட் என்ற அரிதான சீனக் குறியாக்க மாற்றியில் இருந்தது. சுமார் 24 வருடம் யார் கண்ணிலும் படாமல் கிடந்த பிழை. அந்தக் குறியாக்கத்தைக் கேள்வியே பட்டிராத, பிஎச்பி மொழியில் இயங்கும் தளங்களை அதன் வழியாகத் தாக்க முடியும் என்று செய்து காட்டினார்கள். யாரும் பயன்படுத்தாததால் ஆபத்தில்லை என்ற வாதம் இங்கே செல்லாது. நல்லவர்கள் யாரும் கூப்பிடாத கோடை, கெட்டவர் ஒருவர் கூப்பிட்டால் அது ஓடத்தான் செய்யும்.

படி 4: வைத்திருப்பதன் செலவை எழுதுங்கள்

'சும்மாதானே இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டுமே' என்ற வாதத்துக்குப் பதில் இந்தப் படியில்தான் கிடைக்கும். செலவு பெரும்பாலும் மூன்று வழிகளில் வரும்.

முதலாவது, மாட்யூல் எதை நம்பியிருக்கிறது என்பது. பிஎச்பியில் தரவை மறையாக்கம் (என்கிரிப்ட்) செய்யும் எம்கிரிப்ட் நீட்சியை நீங்கள் எவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொண்டாலும், அதற்கு அடியில் இருந்த லிப்எம்கிரிப்ட் நூலகம் 2007க்குப் பிறகு புதுப்பிக்கப்படவில்லை. மறையாக்கம் போன்ற விஷயத்தில் அப்படி ஒரு அஸ்திவாரம் ஏற்கத்தக்கதல்ல. பிஎச்பி 7.1இல் எச்சரிக்கை கொடுத்து, 2017இல் வந்த 7.2இல் அதை வெளியே அனுப்பினார்கள்.

இரண்டாவது, மற்றவர்களின் வேலையை அது எப்படி மறிக்கிறது என்பது. வன்தட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறைகளில் ஒன்றான ரெய்சர்எஃப்எஸ் கோப்பமைப்பு நல்ல உதாரணம். கெர்னலில் எல்லாக் கோப்பமைப்புகளும் பகிரும் இடைமுகத்திலிருந்து ஒரு பழைய கொடியை (ஃப்ளாக் என்ற அமைப்புக் குறியை) எடுக்கப் பார்த்தபோது, அதை இன்னும் பயன்படுத்துவது ரெய்சர்எஃப்எஸ் மட்டும்தான் என்று தெரியவந்தது. ஒருவரும் பார்க்காத ஒரு பகுதிக்காக மற்ற அத்தனையும் பழைய வடிவத்தைச் சுமக்க வேண்டியிருந்தது. உங்கள் திட்டத்தில் இதைக் கண்டுபிடிக்க, கடந்த வருடம் தள்ளிப்போட்ட அல்லது சுற்றிவளைத்துச் செய்த மாற்றங்களை எடுத்துப் பாருங்கள். 'அந்த மாட்யூல் உடைந்துவிடும்' என்று எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறது?

மூன்றாவது, பாதுகாப்பு. நெட்வொர்க்கிலிருந்தோ பயனர் தரும் கோப்பிலிருந்தோ வரும் பைட்களைப் பிரித்துப் படிக்கும் மாட்யூல், அதுவும் சி மொழியில் எழுதியது, பார்க்க ஆள் இல்லாமல் இருந்தால் அதை நீக்க நான் இரண்டாவது முறை யோசிக்கமாட்டேன். சுத்தமான கணக்கு மட்டும் போடும் மாட்யூல் என்றால் அவசரமில்லை.

படி 5: வைப்பதற்கும் நீக்குவதற்கும் நடுவே உள்ள வழிகள்

இரண்டே முடிவுகள்தான் உண்டு என்று நினைத்துக்கொண்டு சண்டை போடுபவர்கள் அதிகம். பெரிய திட்டங்கள் இதற்குப் பல இடைவழிகளைக் கண்டுபிடித்திருக்கின்றன.

மறையாக்க நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0, 2021 செப்டம்பரில் வந்தபோது எம்டி4, ஆர்சி4, புளோஃபிஷ் போன்ற பழைய முறைகளை 'லெகசி' என்ற தனிப் பகுதிக்கு நகர்த்தியது. வேண்டுபவர் அதைத் தானே ஏற்றிக்கொள்ளலாம், இயல்பாக ஏறாது. கோட் இருக்கிறது, ஆனால் வேண்டாதவரை அது தொடாது. ஃபெடோரா என்ற லினக்ஸ் விநியோகம், ஜிலிப்சியின் பழைய குறியாக்க மாற்றிகளில் பெரும்பாலானவற்றைத் தனித் தொகுப்பாகப் பிரித்துவிட்டது. மேலே சொன்ன டிஸ்கி, சீனக் குறியாக்கம் இரண்டின் சிக்கலுக்கும் இதுதான் பொருத்தமான விடை: வேண்டியவர் நிறுவிக்கொள்ளலாம், மற்றவர் கணினியில் தாக்குவதற்கு அது இருக்காது.

இணையதளம் அமைக்கும் மென்பொருளான ட்ரூபல் வேறு விதமாகச் செய்தது. 2024இல் வந்த ட்ரூபல் 11இல் ஃபோரம், புக், ஸ்டாடிஸ்டிக்ஸ், டூர் போன்றவற்றை மையத்திலிருந்து எடுத்து, தனியாக நிறுவும் மாட்யூல்களாக்கியது. பிஎச்பியும் எம்கிரிப்ட்டை இப்படித்தான் தன் நீட்சிகளின் தனிக் களஞ்சியமான பெக்லுக்கு அனுப்பியது. இதில் ஒரு ஏமாற்று ஒளிந்திருக்கிறது. வெளியே அனுப்பும் மாட்யூலுக்கு அங்கே ஒரு ஆள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் செய்தது முகவரி மாற்றம் மட்டும்தான்.

முழுத் திட்டமே ஓய்ந்துபோனால் அப்பாச்சி அறக்கட்டளையில் 2008 முதல் 'ஆட்டிக்' இருக்கிறது. வெளியீட்டுக்கு வாக்களிக்க மூன்று பேர்கூடத் தேறாத திட்டங்கள் அங்கே போகும். கோடும் ஆவணமும் படிக்க மட்டும் கிடைக்கும், புதிதாக எதுவும் வராது. உங்கள் ரெப்போவை கிட்ஹப்பில் 'ஆர்க்கைவ்' செய்வதும் ஏறக்குறைய இதே பலனைத் தரும்.

படி 6: முடிவை எழுத்தில் வையுங்கள்

வாய்ப்பேச்சில் எடுத்த முடிவு ஆறு மாதத்தில் மறந்துவிடும், அப்புறம் அதே சண்டை முதலிலிருந்து தொடங்கும். ஒரு பக்கம் போதும். மாதிரிக்கு, கற்பனையான ஒரு எஃப்டிபி (கோப்புப் பரிமாற்ற) மாட்யூலுக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

'பொருள்: எஃப்டிபி இறக்குமதி மாட்யூலை 5.0இல் நீக்குவது.
நிலை: 2021க்குப் பிறகு பயனர் குறை எதுவும் தீர்க்கப்படவில்லை. திறந்த பிழைகள் 14. இரண்டு தரவு இழப்பு பற்றியவை.
யாரைக் கேட்டோம்: முன்னாள் மெயின்டெய்னர் தொடர இயலாது என்றார். பொது அறிவிப்புக்குப் பொறுப்பேற்க யாரும் வரவில்லை.
பாதிப்பு: நாங்கள் கண்ட மூன்று நூலகங்களுக்கும் தனித்தனியாக இஷ்யூ எழுதியிருக்கிறோம்.
மாற்று: எஸ்எஃப்டிபி மாட்யூல். எங்கள் சொந்த உதாரணங்களை அதற்கு மாற்றிப் பார்த்துவிட்டோம். பயனர் புதிதாகச் சாவிக்கோப்பு உருவாக்க வேண்டும்.
காலம்: 4.6இல் எச்சரிக்கை, 4.8இல் இயல்பாக அணைப்பு, 5.0இல் நீக்கம்.
முடிவு மாற: இரண்டு பேர் பொறுப்பேற்று, தரவு இழப்புப் பிழைகள் இரண்டையும் 4.8க்குள் சரிசெய்ய வேண்டும்.'

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். எது நடந்தால் மனம் மாறுவோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், பின்னால் வரும் எதிர்ப்பெல்லாம் 'நான் எதிர்க்கிறேன்' என்பதிலிருந்து 'நான் செய்கிறேன்' அல்லது 'என்னால் செய்ய முடியாது' என்பதற்கு வந்துவிடும். எதிர்ப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், அவர்களில் வேலைக்கு வருபவர்கள் எத்தனை பேர் என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது.

படி 7: எச்சரிக்கை போய்ச் சேருகிறதா?

ஆவணத்தில் ஒரு வரி எழுதிவிட்டு 'அறிவித்துவிட்டோம்' என்று சொல்லக் கூடாது. பைத்தானின் அசிங்கோர், அசிங்சாட், எஸ்எம்டிபிடி ஆகிய மூன்று மாட்யூல்களும் வழக்கொழிந்தவை என்று பைத்தான் 3.6 காலத்திலிருந்தே எழுதப்பட்டிருந்தன. 3.11க்கான வேலையின்போது அவற்றை நீக்கிவிட்டு, எதிர்ப்பு வந்ததும் திரும்ப வைக்க வேண்டியிருந்தது. கடைசியில் 3.12இல்தான் போயின.

நிரலுக்குள்ளிருந்தே எச்சரிக்கை வந்தாலும் அது கண்ணில் படுமா என்று பாருங்கள். பைத்தானின் டெப்ரிகேஷன் வார்னிங் (வழக்கொழிவு எச்சரிக்கை), முதன்மை நிரலில் நேரடியாக எழும்பினால் ஒழிய இயல்பாகக் காட்டப்படாது. நூலகத்துக்குள் எழும்பினால் அமைதியாக இருந்துவிடும். டெஸ்ட் ஓட்டுபவர்கள் பார்ப்பார்கள், மற்றவர்கள் உடையும் நாளில்தான் பார்ப்பார்கள்.

காலக்கெடுவை உங்கள் வெளியீடுகளை வைத்து மட்டும் எண்ணாதீர்கள், பயனர்கள் எப்படித் தாவுகிறார்கள் என்றும் பாருங்கள். பெப் 594, 2022 மார்ச்சில் ஏற்கப்பட்டது. 3.11, 3.12 இரண்டிலும் எச்சரிக்கை வந்தது. 2024 அக்டோபரில் வெளியான 3.13இல் 19 மாட்யூல்களும் போயின. இரண்டு வெளியீடு அவகாசம், கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் டெபியன் 12இல் இருந்தது பைத்தான் 3.11, டெபியன் 13இல் 3.13. டெபியனோடு வரும் பைத்தானை மட்டும் பயன்படுத்துபவருக்கு எச்சரிக்கை தெரிந்தது ஒரே ஒரு பதிப்பில். அந்த ஒரு பதிப்பையும் தாண்டிக் குதித்தவருக்கு அதுவும் இல்லை. உங்கள் பயனர்களில் பெரும்பாலோர் டெபியன், உபுண்டு எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) போன்றவற்றில் இருந்தால், அவர்களுடைய ஒரு முழுப் பதிப்பாவது எச்சரிக்கையோடு கழியும்படி திட்டமிடுங்கள்.

தரவு சம்பந்தப்பட்டதென்றால் இன்னும் தாராளமாக இருங்கள். ரெய்சர்எஃப்எஸ் 2022இல் 5.18 கெர்னலில் வழக்கொழிந்ததாகக் குறிக்கப்பட்டது, நீக்கம் 2025இல்தான் என்று அப்போதே சொல்லப்பட்டது. வன்தட்டை வேறு கோப்பமைப்புக்கு மாற்றுவது ஒரு மாலையில் முடிகிற வேலையில்லை.

படி 8: நீக்கும் நாள்

நீக்கலை மட்டுமே செய்யும் ஒரு கமிட் போடுங்கள். கூடவே வேறு ஒழுங்குபடுத்தலையும் சேர்த்தால், திருப்ப வேண்டி வரும்போது மாட்டிக்கொள்வீர்கள். அதற்கு முந்தைய கமிட்டுக்கு ஒரு டேக் (பெயர்க்குறி) வையுங்கள். ஆவணம், டெஸ்ட், பில்ட் அமைப்பு, மொழிபெயர்ப்புக் கோப்புகள், சிஐயில் அதற்காக மட்டும் நிறுவிய தொகுப்புகள் எல்லாவற்றிலும் அதன் பெயரைத் தேடி எடுங்கள். மொழிபெயர்ப்புச் சரங்கள்தான் பெரும்பாலும் மறந்துபோகும்.

ஒரு வெளியீடு வரைக்குமாவது, பழைய பெயரில் இறக்குமதி செய்தால் தெளிவான செய்தி சொல்லும் ஒரு வெற்றுக் கோப்பு இருக்கட்டும். 'மாட்யூல் காணோம்' என்பதைவிட '5.0இல் நீக்கப்பட்டது, மாற்று இது, வழிமுறை இங்கே' என்பது எவ்வளவோ மேல்.

பரிந்துரைக்கும் மாற்று உயிரோடு இருக்கிறதா என்று நீக்கும் நாளில் மறுபடியும் பாருங்கள். பெப் 594, கடவுச்சொற்களைக் கையாளும் கிரிப்ட் மாட்யூலை எடுத்தபோது சொன்ன மாற்றுகளில் பாஸ்லிப் ஒன்று. அதன் 1.7.4 பதிப்பு வந்தது 2020இல், மாட்யூல் நீங்கிய 2024 வரை அடுத்தது வரவில்லை. போதாக்குறைக்கு, அதுவே உள்ளுக்குள் கிரிப்ட்டை இறக்குமதி செய்து எச்சரிக்கை காட்டிக்கொண்டிருந்தது.

ஏற்கெனவே வெளியான பழைய பதிப்புகளை மட்டும் தொடாதீர்கள். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற பதினோரு வரித் தொகுப்பை ஆசிரியர் என்பிஎம்மிலிருந்து எடுத்ததும் பேபல் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவி உட்பட உலகமெங்கும் பில்ட்கள் விழுந்தன. நீங்கள் புதிய பதிப்பில் நீக்குங்கள், பழையது கிடைத்துக்கொண்டே இருக்கட்டும். தனித் தொகுப்பாக இருந்தால் அதன் பெயரையும் விட்டுக்கொடுக்காதீர்கள். காலியான பெயரை வேறு யாராவது பிடித்து, பழைய பயனர்களுக்கு வேண்டாததை அனுப்பலாம்.

படி 9: அப்புறம் வருபவர்கள்

எவ்வளவு அறிவித்திருந்தாலும், நீக்கிய முதல் வாரத்தில் சிலர் வருவார்கள். அவர்களை மூன்று விதமாகப் பிரித்துக்கொள்வது எனக்கு உதவியிருக்கிறது. மாற்றுக்கு எப்படிப் போவது என்று தெரியாதவருக்கு உதவுங்கள், அவர் கேட்டதை அப்படியே ஆவணத்தில் சேருங்கள். உங்கள் கணக்கில் வராத ஒரு பயன்பாட்டைக் காட்டுபவர் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். படி 3இல் எதையோ தவறவிட்டிருக்கலாம், டேக் இருக்கிறது, திருப்பி வைப்பதில் வெட்கமில்லை. கோபத்தை மட்டும் கொண்டுவருபவருக்கு முடிவு எழுதிய பக்கத்தின் இணைப்பைக் கொடுங்கள், மேற்கொண்டு வாதாட வேண்டாம்.

நான்காவதாக, அரிதாக ஒருவர் வருவார்: 'நான் பார்த்துக்கொள்கிறேன்.' பைத்தான் விஷயத்தில் அப்படித்தான் லெகசி-சிஜிஐ என்ற பெயரில் பழைய சிஜிஐ மாட்யூல் பைப்பிஐயில் தனித் தொகுப்பாக வாழ்கிறது. அப்படி ஒருவர் வந்தால் அவருடைய தொகுப்பை உங்கள் வெளியீட்டுக் குறிப்பில் சேருங்கள். திட்டத்துக்குள் மறுபடி அழைப்பதற்கு முன் ஒரு வெளியீட்டுச் சுற்றாவது அவர் அதைத் தனியாக ஓட்டட்டும். பாதுகாப்பு அறிக்கை எந்த முகவரிக்கு வர வேண்டும், அவர் ஊரில் இல்லாதபோது யார் பார்ப்பார்கள் என்ற இரண்டையும் அந்தத் தொகுப்பின் ரீட்மீயில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் வெளியீட்டுக் குறிப்பில் 'அதிகாரபூர்வமற்றது' என்ற சொல்லையும் சேர்த்துவிடுங்கள்.